பழகிப்போனது அமைதியாகாது: சாதிக் கொட்டடிகளும் அடைபட்ட மனமும்

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும், சாதி பார்த்துக் கொட்டடி பிரிப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 17, 21, 23 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானவை என்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அறிவித்தது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தி நீக்கப்பட வேண்டும், மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் தம் சிறை விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதையொட்டி அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறை விதித்தொகுப்பிலும் 2023ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைச் சட்டத்திலும் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதிக்கும் திருத்தங்களைச் சேர்த்தது.

தீர்ப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வடமாநிலச் சிறைகளைச் சுற்றியே நடந்தது. சமையலுக்கு இன்ன சாதி, கழிப்பறை துப்புரவுக்கு இன்ன சாதி என்று அங்கே விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி நேரடியாக நம் தென்மாவட்டங்களைப் பற்றியது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் ஆகியோர் தனித்தனிப் பகுதிகளில் அடைக்கப்படுவது மனுவில் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. 2014இல் சி.அருள் என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்தப் பிரிவினையைச் சாதி மோதலைத் தடுக்கும் ஏற்பாடு என்று ஏற்றுக்கொண்டிருந்ததும் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஒதுக்கி வைப்பதற்குச் சொல்லப்பட்ட 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற வாதத்துக்கு ஒப்பானது இது என்றும், இந்திய அரசமைப்பில் அதற்கு இடமில்லை என்றும் கூறிவிட்டது.

சட்டத்தின் கேள்வி அங்கே முடிந்தது. ஆனால் மதுரைக் கிளையின் முன் அரசு வைத்த வாதம் வெறும் சட்ட வாதம் அன்று. பிரித்து வைத்தால் அமைதி நிலவுகிறது, சேர்த்து வைத்தால் கொலை விழுகிறது என்பது மனித மனத்தைப் பற்றிய கூற்று. சிறை அதிகாரிகள் மட்டுமன்றி நம் தரப்பிலும் பலர் அதை நம்புகிறார்கள். ஆகவே அடைபட்ட இடத்தில் மனித மனம் எவ்வாறு தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளாமல் இந்தத் தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவர முடியாது.

விரும்பி ஏற்ற தனிமை, திணிக்கப்பட்ட தனிமை

அடைபட்ட, ஒதுங்கிய சூழலில் வாழ்வது பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி கைதிகளைக் கொண்டு நடந்ததன்று. அண்டார்டிக்கா ஆய்வு நிலையங்கள், நீர்மூழ்கிக் கப்பல்கள், விண்வெளிப் பயண ஒத்திகைகள் ஆகியவற்றிலிருந்து வந்தவை அவை. இந்தியாவுக்கும் அண்டார்டிக்காவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கப்பல் வராது, சூரியனும் தலைகாட்டாது. அங்கே தங்குவோருக்கு உறக்கம் கெடுகிறது, நினைவு மங்குகிறது, எரிச்சல் மிகுகிறது, உடனிருப்பவர் உண்ணும் ஓசைகூடச் சண்டைக்குக் காரணமாகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் நடந்த 'மார்ஸ்-500' ஒத்திகையில் ஆறு ஆண்கள் 520 நாட்கள் ஒரு மூடிய கலத்துக்குள் வாழ்ந்தார்கள். வெளியே எந்த ஆபத்தும் இல்லை. கதவைத் திறந்தால் மாஸ்கோ நகரம். அப்படியிருந்தும் நாட்கள் செல்லச் செல்ல அவர்களின் உடல் அசைவு குறைந்தது. சிலருக்கு உறக்கத்தின் ஒழுங்கு குலைந்தது. ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் நீடித்தன.

இவர்கள் யார்? பலகட்டத் தேர்வுகளில் உடலும் மனமும் உறுதியானவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு நான்கு ஊன்றுகோல்கள் இருந்தன. தாமே விரும்பி உள்ளே சென்றார்கள். வெளியே வரும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது. உள்ளே செய்யும் வேலைக்குப் பொருள் இருந்தது. திரும்பி வரும்போது ஊர் அவர்களை மாலையிட்டு வரவேற்கும் என்பதும் உறுதியாக இருந்தது. இத்தனை இருந்தும் மனம் தள்ளாடியது என்றால், இவற்றில் ஒன்றும் இல்லாதவர் நிலை என்ன?

இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டிக்கப்படாதவர்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடுதான். தண்டனைக் கைதிக்காவது விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. விசாரணைக் கைதிக்கு அடுத்த வாய்தா தேதி மட்டுமே உண்டு. முடிவு தெரியாத அடைப்பு, முடிவு தெரிந்த அடைப்பைவிட மனத்தை ஆழமாக அரிக்கும். அதே 2022இல் இந்தியச் சிறைகளில் நேர்ந்த இயற்கைக்கு மாறான மரணங்கள் 159. அவற்றில் 119 தற்கொலைகள்.

உள்ளே கற்றுக்கொள்ளும் பாடம்

சிறை மனிதனை எவ்வாறு மாற்றுகிறது என்பதை 1940இலேயே டொனால்ட் கிளெம்மர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஆராய்ந்தார். புதிதாக உள்ளே வருபவர் சிறையின் பேச்சு, படிநிலை, எழுதப்படாத சட்டம் ஆகியவற்றை மெல்ல மெல்ல உள்வாங்கி, ஒருகட்டத்தில் வெளியுலகுக்குப் பொருந்தாதவராகிவிடுகிறார் என்றார். 1958இல் கிரெஷம் சைக்ஸ், சிறையின் வேதனை சுவரில் மட்டும் இல்லை என்று காட்டினார். உடைமை, உறவு, தன்விருப்பம், பாதுகாப்பு ஆகியவற்றை இழப்பதே உண்மையான வேதனை. கைதிகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் குழுக்களும் விதிகளும் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும் வழிகள் என்பது அவர் கண்ட முடிவு.

இந்த ஆய்வுகளைத் தென்தமிழகச் சிறையில் பொருத்திப் பாருங்கள். இருபது வயது இளைஞர் ஒருவர் முதன்முறையாக உள்ளே செல்கிறார். அவருக்கு உடனடியாக வேண்டுவது பாதுகாப்பு. யாருடன் உட்காருவது, யாரிடம் பேசுவது, வார்டரிடம் யார் மூலம் போவது, வீட்டார் மனு போட்டுப் பார்க்க வராத வாரத்தில் சோப்புக்கும் எண்ணெய்க்கும் யாரைக் கேட்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் முதல் நாளே விடை வேண்டும். அந்த நேரத்தில் அரசே அவரது சாதியைக் கேட்டு, அதற்குரிய கொட்டடியில் கொண்டுபோய் விட்டால், எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விடைதான் கிடைக்கிறது. சாதியே அவருக்குப் பாயும் போர்வையும் காவலும் ஆகிவிடுகிறது.

கல்லூரியில் எல்லோரோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர், ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர், ஆறு மாதம் கழித்துச் சாதியைத் தவிர வேறு எந்த உறவையும் நம்பாதவராக வெளியே வருகிறார். தென்மாவட்டச் சிறைகளின் நேர்காணல் அறைகளில் இந்த மாற்றத்தை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். முதல் சந்திப்பில் வழக்கைப் பற்றி மட்டும் பேசியவர், மூன்றாவது சந்திப்பில் 'நம்ம ஆளுங்க', 'அவனுங்க' என்று பேசத் தொடங்குவார். சாதிப் பெருமிதம் பேசும் குழுக்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையைச் சிறை செய்துகொடுக்கிறது. தலித் இளைஞர்களும் இதற்கு விலக்கில்லை. பழிக்குப் பழி என்ற சுழலுக்குள் அவர்களும் அங்கிருந்தே இழுக்கப்படுகிறார்கள்.

ஆக, பிரித்து வைத்ததால் நிலவும் அமைதி என்பது அடைபட்டவர்கள் சாதியைக் கவசமாக அணிந்துகொள்ளப் பழகியதன் விளைவு. அதைக் காட்டி, 'பாருங்கள், இவர்களே தனித்தனியாக இருக்கத்தான் விரும்புகிறார்கள்' என்று அரசு சொல்வது, கட்டிப்போட்ட காலைக் காட்டி 'இவனுக்கு நடக்க விருப்பமில்லை' என்று சொல்வதற்கு நிகர்.

கொலை விழுமே என்ற கேள்வி

இந்த இடத்தில் ஒரு நேர்மையான கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள் ஒரு தலித் இளைஞர் சக கைதிகளால் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் வேறு ஒரு சிறையிலிருந்து அன்றுதான் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார். அப்படியானால் பிரித்து வைப்பதே நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அல்லவா என்று குடும்பங்கள் கேட்கின்றன. அந்த அச்சம் பொய்யன்று.

ஆனால் சாதிவாரிப் பிரிவினை பழகிப்போனதாகச் சொல்லப்பட்ட சிறையில்தான் அந்தக் கொலை நடந்தது. இடம் முழுவதும் சாதியால் பங்கிடப்பட்டுவிட்டால், ஒவ்வொரு பகுதியும் ஒரு சாதியின் ஆட்சி எல்லையாகிவிடுகிறது. பிறகு எந்தக் கைதியும் எல்லை தாண்டி வந்தவராகப் பார்க்கப்படுவார். யார் யாருக்குப் பகை, எந்த வழக்கில் யார் எதிரி என்பதை ஆராய்ந்து தனிநபர் அளவில் முடிவெடுப்பது சிறை நிர்வாகத்தின் கடமை. சாதிப் பட்டியல் அந்தக் கடமையிலிருந்து தப்பிக்க உதவும் குறுக்குவழி. தனிப்பட்ட பகையை அறிந்து இருவரைப் பிரிப்பது பாதுகாப்பு. பிறப்பைப் பார்த்து இருநூறு பேரைப் பிரிப்பது தீண்டாமை. முதலாவதைச் செய்ய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடையாக இல்லை.

உலகில் வேறு இடங்களிலும் இதே வாதம் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் புதிய கைதிகளை 60 நாட்கள் வரை இனவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் இருந்தது. கும்பல் மோதலைத் தடுக்கவே அவ்வாறு செய்வதாக அரசு கூறியது. 2005இல் ஜான்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தை மிகக் கடுமையான அளவுகோலால் சோதிக்க வேண்டும் என்றது. இனவாரிப் பிரிவினை தடுக்க நினைக்கும் பகையையே வளர்க்கக்கூடும் என்றும் எச்சரித்தது. டெக்சாஸ் மாநிலத்தில் நீதிமன்ற ஆணைக்குப்பின் 1990களில் இரட்டையர் அறைகளில் இனக்கலப்பு நடைமுறைப்படுத்தப்பட்டது. சிறைகள் இரத்தக்களமாகும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து ட்ரூல்சன், மார்க்குவார்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட நூல், கலப்பு அறைகளில் வன்முறை கூடிவிடவில்லை என்று காட்டியது. ஆனால் அது ஒரே இரவில் கதவுகளைத் திறந்துவிட்டதால் நிகழவில்லை. ஒவ்வொரு கைதியின் வரலாற்றையும் பார்த்து, படிப்படியாகச் செய்ததால் நிகழ்ந்தது. மனம் பிரிவினைக்குப் பழகுவதைப் போலவே கூடிவாழவும் பழகும் என்பதே அதன் பாடம்.

சுவர் கட்டி அமைதி காத்த நிலம்

இந்த வாதங்கள் மதுரைக்குப் புதியவை அல்ல. பசுமலையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் சமணமலை அடிவாரத்தில் கீழக்குயில்குடி இருக்கிறது. 1914இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் அவ்வூர்க் கள்ளர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். பின்னர் அந்தச் சட்டம் பிரமலைக் கள்ளர் அனைவர்மீதும் விரிந்தது. கைரேகை பதித்து, ஊரைவிட்டு வெளியே செல்ல ராதாரிச் சீட்டு வாங்கி, இரவில் காவலர் கண்ணெதிரே படுத்துறங்கும் வாழ்க்கை அது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளி என்று எழுதி அடைத்து வைத்ததற்கும் அன்றைய அரசு சொன்ன காரணம் பொது அமைதிதான். சுகன்யா சாந்தா தீர்ப்பு சீர்மரபினரை 'வழக்கமான குற்றவாளி' என்று முத்திரை குத்தும் விதிகளையும் சேர்த்தே சாடியிருப்பது தற்செயலன்று. இன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமிதம் பேசும் இளைஞர்கள் தம் பாட்டன் தலைமுறையின் இந்த வரலாற்றை அறிந்தால், கொட்டடிப் பிரிவினையில் தமக்கும் இழப்பு உண்டு என்பது விளங்கும்.

எழுமலை அருகே உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவர் 2008 மே 6 அன்றுதான் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்தச் சுவருக்கும் சொல்லப்பட்ட காரணம் மோதல் தவிர்ப்புதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலித் மக்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சுற்றி நடக்கப் பழகியதை ஊர் ஒப்புதலாகக் கணக்கிட்டது. அண்ணல் அம்பேத்கர் தீண்டப்படாதோரை இந்தியாவின் கெட்டோவின் பிள்ளைகள் என்று தலைப்பிட்டு எழுதியது இதனால்தான். ஊரும் சேரியும் என்ற பிரிவினை ஒரு தற்காலிக ஒதுக்கம் அன்று, பிறப்பு முதல் இறப்பு வரை நீளும் அடைப்பு என்பதை அவர் கண்டார். சாதிக் கொட்டடி அந்தச் சேரியின் நீட்சி. வெளியே பஞ்சாயத்து போட்ட எல்லையைச் சிறைக்குள் அரசே போட்டுத் தருகிறது.

பாதுகாப்பு என்ற பெயரில் தனிமை

சாதிக் கொட்டடிகளை ஒழித்தால் அந்த இடத்தில் வேறொரு தீமை நுழைந்துவிடக்கூடாது என்பதிலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அச்சுறுத்தலுக்கு உள்ளான கைதியை, 'உன் பாதுகாப்புக்காக' என்று சொல்லித் தனி அறையில் அடைப்பது நிர்வாகத்துக்கு மிக எளிய வழி. தாக்கியவர் கூட்டத்தோடு இருப்பார், தாக்கப்பட்டவர் தனியே கிடப்பார்.

தனிமைச் சிறை மனத்தை என்ன செய்யும் என்பது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகத் தெரிந்த செய்தி. 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் திறக்கப்பட்ட சிறை, தனிமையில் கைதி மனந்திருந்துவான் என்று நம்பியது. 1890இல் மெட்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிமையில் வைக்கப்பட்ட பலர் குறுகிய காலத்திலேயே புத்தி மழுங்கினார்கள், சிலர் பித்துப் பிடித்தார்கள், சிலர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள் என்று பதிவு செய்தது. அண்மைக்காலத்தில் கிரெய்க் ஹேனி என்ற உளவியலாளர் இதைவிட நுட்பமான ஒன்றைக் கண்டார். நீண்ட தனிமைக்குப் பழகியவர்கள் ஒருகட்டத்தில் மனிதர்களைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறார்கள். தனிமையைத் தாமே நாடுகிறார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது அமைதியாகத் தெரியும். உள்ளே ஒரு மனிதர் கரைந்துகொண்டிருப்பார்.

நம் சட்டம் இதை அறியாததன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 11, 12 பிரிவுகளின்படி தனிமைச் சிறை என்பது கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியாக நீதிமன்றம் விதிக்க வேண்டியது. மொத்தம் மூன்று மாதங்களுக்கு மேல் கூடாது, ஒரே மூச்சில் 14 நாட்களைத் தாண்டக்கூடாது. தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிக்கு இதை விதிக்க இடமே இல்லை. 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை பெற்றவரைக்கூட அந்தத் தண்டனை இறுதியாகும் முன் தனிமையில் பூட்டக்கூடாது என்றது. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச் சிறை என்று வரையறுத்து, தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்பட்ட தனிமையைத் தடை செய்கின்றன. பெயர் எதுவானாலும் மணிக்கணக்கே அளவுகோல் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அதைப் 'பாதுகாப்பு அறை' என்று அழைத்தால் மனத்துக்கு நேரும் கேடு குறைந்துவிடாது.

செய்ய வேண்டியவை

விதிப்புத்தகத்தைத் திருத்துவது எளிது, வழக்கத்தைத் திருத்துவதே கடினம். பாளையங்கோட்டையில் நடந்தது எந்த விதியிலும் எழுதப்படாத வழக்கம் என்பதால், விதித் திருத்தம் மட்டும் அதைத் தொடாது. எனவே பின்வருவனவற்றை இயக்கங்களும் வழக்கறிஞர்களும் மாணவர்களும் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும்.

முதலாவது, ஆய்வு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சிறைகளை முறையாக ஆய்வு செய்து சாதிப் பாகுபாடு தொடர்கிறதா என்று அறிக்கை தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற ஆணை. மதுரை, பாளையங்கோட்டை மத்திய சிறைகளிலும் கிளைச் சிறைகளிலும் எத்தனை ஆய்வுகள் நடந்தன, என்ன கண்டார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தப் பணியை நாளையே தொடங்கலாம்.

இரண்டாவது, கொட்டடி ஒதுக்கீட்டுக்கு எழுத்துபூர்வமான காரணம். ஒருவரை எங்கே வைப்பது என்பதை வழக்கின் தன்மை, முன்பகை, வயது, உடல்நலம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்து, அந்த முடிவைப் பதிவு செய்ய வேண்டும். வேறு சிறைக்கு மாற்றும்போது அச்சுறுத்தல் பற்றிய குறிப்பு கைதியோடு சேர்ந்து செல்ல வேண்டும். அது செல்லாததால் உயிர் போனால் பொறுப்பு யாருடையது என்பது ஏட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மனநலம். 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறை விதித்தொகுப்பு வகுத்த அளவு. நாடு முழுவதும் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு வெறும் 25 பேரே இருப்பதாக 2025ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை கூறுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறை மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கச் சொல்கிறது. கூட்டாக வாழப் பழகும் காலத்தில் இந்தத் துணை இல்லாமல் கைதிகளை ஒரே அறைக்குள் தள்ளுவது பொறுப்பற்ற செயல்.

நான்காவது, அடைப்பின் நாட்களைக் குறைப்பது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கும் மற்றவர்கள் பாதியும் விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், பிணையில் விடுதலை பெறத் தகுதியுடையவர்கள். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகள் இதற்கு விலக்கு. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தப் பிரிவு உதவாது. தகுதியுடையோர் பட்டியலைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் நம் சேரிப் பிள்ளைகளின் பெயர் விடுபடாமல் பார்ப்பது நம் வேலை.

ஐந்தாவது, நம் பேச்சு. சிறையிலிருந்து வெளியே வரும் இளைஞரைச் சாதிக் குழு வரவேற்கும் முன் நாம் வரவேற்க வேண்டும். படிப்பைத் தொடரவும் வேலை தேடவும் துணை நிற்க வேண்டும். உள்ளே கற்ற பாடத்தை மறக்க வெளியே வேறு பாடம் இருந்தாக வேண்டும்.

மனிதர் எதற்கும் பழகுவர். பனிப்பாலைக்கும் பழகுவர், பூட்டிய அறைக்கும் பழகுவர், பிறப்பைப் பார்த்துப் போட்ட கோட்டுக்கும் பழகுவர். அந்தத் திறன் உயிர் பிழைப்பதற்காக இயற்கை தந்தது. அதை அடக்குமுறைக்குக் கிடைத்த ஒப்புதலாக எழுதிக்கொள்ளும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. உச்ச நீதிமன்றம் விதித்த மூன்று மாதக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கொட்டடிக் கதவுகளுக்குப் பின்னால் என்ன மாறியிருக்கிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் இனி நம்முடையவை.